கடற்பாசியின் வழவழப்புக்குள் என்ன இருக்கிறது?

ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் காலையில் கடற்கரையில் நடந்தால், அலை ஒதுக்கிவிட்டுப் போன பழுப்புநிறப் பாசி காலில் சிக்கும். கையில் எடுத்துப் பாருங்கள். சின்னச் சின்ன இலைகள், நடுநடுவே மிளகு அளவில் காற்றுப் பைகள். அழுத்தினால் பட்டென்று உடையும். அதுதான் கட்டக்கோரை. ஆய்வுக் கட்டுரைகளில் சர்காசம் என்று எழுதுவார்கள். பக்கத்திலேயே இன்னொன்று, முறுகப் பொரித்தெடுத்தது போலக் கூம்பு கூம்பாகக் கிடக்கும். அதற்கு ஊர்ப்பெயர் பக்கோடா பாசி, அறிவியல் பெயர் டர்பினேரியா. இரண்டையும் விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் வழவழவென்று ஒரு பசை ஒட்டும். இந்தக் கட்டுரை அந்தப் பசையைப் பற்றியது.

பசையில் பெரும்பகுதி பாலிசாக்கரைடுகள், அதாவது சர்க்கரைகள் கோத்த நீளச் சங்கிலிகள். ‘பழுப்புக் கடற்பாசியின் பாலிசாக்கரைடுகளுக்கு ஆன்டிஆக்சிடன்ட் குணம் உண்டு’ என்ற வரியைச் சத்துமாத்திரைப் புட்டியிலோ ஏதாவது வீடியோவிலோ நீங்கள் பார்த்திருக்கலாம். ஆன்டிஆக்சிடன்ட் என்றால், ஆக்சிஜனேற்றத்தால் பொருள்கள் கெட்டுப்போவதைத் தடுப்பது. அந்த வரி பொய்யில்லை. ஆனால் அதை அப்படியே நம்பிவிடவும் முடியாது. ஒரு பாசியின் பசை அந்த வேலையை எவ்வளவு நன்றாகச் செய்யும் என்பது அது எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. எந்தச் சர்க்கரை, எவ்வளவு சல்பேட், எவ்வளவு நீளச் சங்கிலி, கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முதுகலைப் படிப்பில் ஆறு மாதம் இந்தப் பாசியோடு பழகியவன் நான். வேதியியல் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி இதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நோன்புக் காலத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி உறையவைத்து, துண்டு போட்டுச் சாப்பிடுகிறோமே, அந்தக் கடல்பாசி வேறு. அது அகர். சிவப்புப் பாசிகளிலிருந்து எடுப்பது. ராமநாதபுரம் கடலோரத்தில் மிதவை கட்டி வளர்க்கும் கப்பாஃபைகஸும், ஊரில் ‘பெப்சி பாசி’ என்று சொல்வார்கள், சிவப்பு வகைதான். பழுப்புப் பாசிகளின் குடும்பம் தனி. இவற்றில் அகர் கிடையாது. உலகத்தில் ஏறக்குறைய 2,000 வகைப் பழுப்புப் பாசிகள் இருக்கின்றன, கிட்டத்தட்ட எல்லாமே கடலில். பச்சையம் இவற்றிலும் உண்டு. ஃபுகோசாந்தின் என்ற நிறமி அதை மூடி மறைப்பதால் பழுப்பாகத் தெரிகின்றன. பழுப்புப் பாசியைக் கொதிநீரில் முக்கினால் சட்டென்று பச்சையாக மாறும். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு மந்திரம் போலத்தான் இருந்தது.

சர்க்கரை மணிகள், மாலைகள்

சர்க்கரை என்றதும் டீயில் போடுவதை நினைக்க வேண்டாம். வேதியியலில் சர்க்கரை ஒரு பெரிய குடும்பம். குளுக்கோஸ் மாதிரியான ஒற்றைச் சர்க்கரையை ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ மணிகளைக் கோத்தால் மாலை. அந்த மாலைதான் பாலிசாக்கரைடு. இனிக்காது. தண்ணீரில் போட்டால் சில ஊறி வழவழக்கும், சில கரையவே கரையாது.

எந்த மணி என்பது மட்டுமல்ல, எப்படிக் கோத்திருக்கிறது என்பதும் முக்கியம். நம் வயலிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. அரிசியில் இருக்கும் மாவுச்சத்தும் வைக்கோலில் இருக்கும் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸ் மணியால் ஆனவை. மணிகளை இணைக்கும் பிணைப்பு திரும்பியிருக்கும் பக்கம் மட்டும்தான் வேறு. அந்தச் சின்ன வித்தியாசத்தால் ஒன்று நமக்குச் சோறு, இன்னொன்று மாட்டுக்குத் தீனி. இதை மனதில் வைத்துக்கொண்டால், பாசியின் வேதியியலில் பாதி புரிந்த மாதிரி.

ஈரப் பாசியில் 80 முதல் 90 சதவீதம் தண்ணீர். காய்ந்த பிறகு எடைபோட்டால், அதில் 20 முதல் 40 சதவீதம்வரை உப்பும் தாதுக்களும் இருக்கும். கொழுப்பு மிகக் குறைவு, புரதம் கொஞ்சம். மீதியில் பெரும்பங்கு கார்போஹைட்ரேட். அந்தப் பங்கில் செல்லுலோஸ் கொஞ்சம் உண்டு. நம் கதைக்கு வேண்டியவை வேறு மூன்று: ஆல்ஜினேட், லாமினரின், ஃபுகாய்டன்.

ஆல்ஜினேட்தான் அளவில் பெரியது. பாசியின் வகையையும் பருவத்தையும் பொறுத்து, காய்ந்த எடையில் 10 முதல் 40 சதவீதம்வரை இது ஒன்றே இருக்கலாம். 1880களில் ஸ்காட்லாந்துக் கடலோரத்துப் பாசிகளிலிருந்து இதை முதலில் பிரித்தெடுத்தவர் ஸ்டான்ஃபோர்டு என்ற பிரிட்டன் வேதியியலாளர். இந்த மாலையில் இரண்டே வகை மணிகள்: மான்யூரோனிக் அமிலம், குலூரோனிக் அமிலம். ஆய்வுக்கூடத்தில் சுருக்கமாக எம், ஜி என்போம். இரண்டுக்கும் ஒரேயொரு கார்பனில்தான் திசை மாறியிருக்கும். ஆனால் அந்த ஒன்று போதும். எம் மணிகள் வரிசையாக வந்தால் மாலை தட்டையாக நீளும், வளைந்து கொடுக்கும். ஜி மணிகள் வரிசையாக வந்தால் மடிப்பு மடிப்பாக, நடுநடுவே குழி விழும். மளிகைக் கடையில் முட்டை அடுக்கும் அட்டை இருக்கிறதல்லவா, அதே மாதிரி. கடல்நீரில் இருக்கும் கால்சியம் அந்தக் குழிகளில் முட்டை மாதிரி வந்து உட்காரும். மேலே இன்னொரு ஜி வரிசை வந்து மூடும். இரண்டு மாலைகளும் பூட்டிக்கொள்ளும். கரைந்திருந்த பசை ஜெல்லியாகிவிடும். 1973இல் இந்த அமைப்பை விளக்கியவர்களே அதற்கு முட்டைப்பெட்டி மாதிரி என்றுதான் பெயர் வைத்தார்கள்.

பாசிக்கு இது ஏன் வேண்டும்? மரத்துக்கு விறைப்பான தண்டு போதும், காற்று எப்போதாவதுதான் பலமாக அடிக்கும். கடலில் அலை நிற்பதே இல்லை. விறைத்து நின்றால் உடைய வேண்டியதுதான். உடையாமல் வளைய, வளைந்தும் கிழியாமல் இருக்க, இந்த ஜெல்லி உதவுகிறது.

மனிதர்களும் அதை விட்டுவைக்கவில்லை. ஐஸ்கிரீம் உறையின் பின்பக்கம் ஐஎன்எஸ் 401 என்று இருந்தால் அது சோடியம் ஆல்ஜினேட். பல் மருத்துவர் அச்சு எடுக்க வாயில் வைக்கும் குளிர்ந்த பசையும் இதுதான். துணி இழையோடு வினைபுரிந்து ஒட்டும் ரியாக்டிவ் சாயத்தை அச்சடிக்கும்போது சாயத்தைக் கெட்டியாக்க இதைத்தான் கலப்பார்கள். மாவுப் பசையைக் கலந்தால் அது சாயத்தோடு சேர்ந்து கெட்டுப்போகும். ஆல்ஜினேட் சாயத்தைத் தொடாமல் துணிக்கே விட்டுவிடும். மன்னார் வளைகுடாவில் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கி எடுக்கும் கட்டக்கோரையும் பக்கோடா பாசியும் காய்ந்து மூட்டையாகி, பெரும்பாலும் இந்த ஆல்ஜினேட் ஆலைகளுக்குத்தான் போகின்றன.

லாமினரினைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். நெல்லுக்கு மாவுச்சத்து எப்படியோ, பழுப்புப் பாசிக்கு லாமினரின் அப்படி. சேமிப்பு உணவு. 25 குளுக்கோஸ் மணி அளவிலான சின்ன மாலை. குளிர்கடல் பாசியான லாமினேரியாவில் கோடை முழுக்கச் சேர்ந்து, இலையுதிர் காலத்தில் காய்ந்த எடையில் மூன்றில் ஒரு பங்குவரைகூட ஏறும், குளிர்காலத்தில் கரைந்துபோகும். நம் சர்காசத்தில் இது குறைவு.

இனி ஃபுகாய்டன். ஆன்டிஆக்சிடன்ட் பேச்சில் அதிகம் அடிபடும் பெயர் இதுதான். 1913இல் சுவீடனைச் சேர்ந்த ஹரால்டு கைலின் என்ற தாவரவியலாளர் இதை முதலில் பிரித்தெடுத்தார். இதன் முக்கிய மணி ஃபுகோஸ் என்ற சர்க்கரை. நமக்கு அந்நியமான பொருள் இல்லை அது. நம் சிவப்பணுக்களின் மேல் ரத்த வகையைத் தீர்மானிக்கும் சர்க்கரைச் சங்கிலிகளிலும் ஃபுகோஸ் இருக்கிறது. ஃபுகாய்டனின் தனித்தன்மை, அந்த மணிகளின் மேல் ஒட்டியிருக்கும் சல்பேட். சல்பேட் என்றால் ஒரு கந்தகமும் நான்கு ஆக்சிஜனும் சேர்ந்த, எதிர்மின்னூட்டம் உள்ள ஒரு குழு. ஒரே மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளும், மாலை விரிந்தே இருக்கும், தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். குளிர்கடல் பாறைகளில், கடல் வற்றும்போது வெயிலில் மாட்டிக்கொள்ளும் மேல்மட்டத்துப் பாசிகளில் ஃபுகாய்டன் அதிகம், எப்போதும் நீருக்கடியில் இருப்பவற்றில் குறைவு. காயாமல் தப்பிக்க அவை செய்துகொண்ட ஏற்பாடு இது என்று படித்தபோது, அந்தப் பசைமேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

ஃபுகாய்டன் என்பது ஒரே பொருளின் பெயர் என்று நினைத்துவிடக் கூடாது. சாம்பார் என்கிற மாதிரிதான் அது. ஒவ்வொரு வீட்டிலும் வேறு கைப்பக்குவம். லாமினேரியாவில் ஃபுகோஸ் மணிகள் ஒரே வகைப் பிணைப்பில் நீளமாகப் போகும். ஃபுகஸ் என்ற ஐரோப்பியப் பாசியில் இரண்டு வகைப் பிணைப்பு மாறி மாறி வரும். சர்காசத்தில் ஃபுகோஸோடு காலக்டோஸ், மானோஸ், சைலோஸ், குளுக்யூரோனிக் அமிலம் எல்லாம் கலந்து கிளை கிளையாக இருக்கும். ஒரே வகைப் பாசியிலேயே மாதத்துக்கு மாதம் அளவும் அமைப்பும் மாறும். எனவே ‘ஃபுகாய்டனுக்கு இந்தக் குணம் உண்டு’ என்று யாராவது சொன்னால், எந்தப் பாசி, எந்தக் கடல், எப்போது எடுத்தது என்று கேட்பது நியாயமான கேள்வி.

முறுக்கு ஏன் சிக்கு வாடை அடிக்கிறது?

ஆன்டிஆக்சிடன்ட் பக்கம் வருவோம். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கை டப்பாவில் மறந்துவிட்டு ஒரு மாதம் கழித்துத் திறந்தால் சிக்கு வாடை அடிக்கும். எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போயிருக்கிறது. அந்த டப்பாவுக்குள் நடந்ததுதான் ஆக்சிஜனேற்றம்.

கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அணுக்களைப் பிணைக்கும் எலக்ட்ரான்கள் சோடி சோடியாக இருக்கவே விரும்பும். ஏதோ காரணத்தால் ஒரு மூலக்கூறில் ஒரு எலக்ட்ரான் சோடியில்லாமல் தனித்துப்போனால், அது நிலைகொள்ளாது. பக்கத்து மூலக்கூறிலிருந்து ஒன்றைப் பிடுங்கும். பறிகொடுத்த மூலக்கூறு இப்போது நிலைகொள்ளாமல் தவிக்கும், அது அடுத்ததிடம் பிடுங்கும். இப்படித் தொடர் தொடராக எண்ணெய் முழுக்கப் பரவும். சோடியில்லா எலக்ட்ரானோடு அலையும் இந்த மூலக்கூறுகளைப் பள்ளிப் புத்தகத்தில் தனி உறுப்புகள் என்று படித்திருப்போம். ராடிக்கல் என்றால் இன்னும் பலருக்குத் தெரியும்.

நம் உடலிலும் இது ஓயாமல் நடக்கிறது. செல்கள் ஆக்சிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கும்போதே சூப்பர்ஆக்சைடு என்ற ராடிக்கல் கசிகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. பெராக்சைடு இரும்பு அயனியைச் சந்தித்தால் ஹைட்ராக்சில் ராடிக்கல் பிறக்கும். இருப்பதிலேயே முரட்டுத்தனமானது இது, பக்கத்தில் கொழுப்போ புரதமோ மரபணுவோ எது கிடைத்தாலும் தாக்கிவிடும். இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் இப்படி ஒரு வேகம் வரும் என்பதை 1894இலேயே ஹென்றி ஃபென்டன் என்ற வேதியியலாளர் கண்டார். அதனால் இதற்கு ஃபென்டன் வினை என்று பெயர்.

இந்தத் தொடரை எங்கேயாவது அறுத்துவிடும் எதையும் ஆன்டிஆக்சிடன்ட் என்கிறோம். அறுப்பதற்கு ஒரு வழி மட்டும் இல்லை. பிடுங்க வரும் ராடிக்கலுக்குத் தானே ஒரு எலக்ட்ரானையோ ஹைட்ரஜனையோ கொடுத்து அமைதியாக்கலாம், வைட்டமின் சி அப்படிச் செய்கிறது. ராடிக்கலைப் பிறக்கவைக்கும் இரும்பைப் பிடித்துக் கட்டிப்போடலாம். அல்லது உடலின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைத் தூண்டிவிடலாம். மூன்றும் வேறு வேறு வேலைகள், அளக்கும் விதமும் வேறு வேறு.

பசை எப்படி வேலை செய்கிறது

பாசியின் பாலிசாக்கரைடுகள் இதில் எந்த வழியில் போகின்றன? முதல் வழியில் இவை பெரிய வீரர்கள் இல்லை. வைட்டமின் சி போலச் சுலபமாகக் கொடுக்கக்கூடிய ஹைட்ரஜன் சர்க்கரை மாலையில் அதிகம் கிடையாது. இவற்றின் பலம் இரண்டாவது வழியில். ஆல்ஜினேட்டில் ஒவ்வொரு மணியிலும் கார்பாக்சில் என்ற ஒரு அமிலக் குழு, ஃபுகாய்டனில் வரிசையாகச் சல்பேட். எல்லாமே எதிர்மின்னூட்டம். இரும்பு அயனி நேர்மின்னூட்டம். கால்சியம் வந்து குழியில் உட்கார்ந்ததல்லவா, இரும்பும் அதேபோல வந்து சிக்கிக்கொள்ளும். பெராக்சைடு பக்கத்தில் இருந்தாலும் இரும்பு சும்மா திரியாததால் ஃபென்டன் வினை மட்டுப்படும். ஃபுகாய்டனை ஆராய்ந்தவர்கள் பலரும், சூப்பர்ஆக்சைடு, ஹைட்ராக்சில் ராடிக்கல்களுக்கு எதிராக அது ஓரளவு நன்றாக வேலை செய்வதையும், சல்பேட் அதிகமுள்ள பகுதிகள் பெரும்பாலும் கூடுதலாகச் செயல்படுவதையும் பார்த்திருக்கிறார்கள்.

பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் உண்டு. சல்பேட் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. அது மணியில் எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது, ஃபுகோஸுக்கும் சல்பேட்டுக்கும் என்ன விகிதம், எம், ஜி மாதிரியான அமில மணிகள், அதாவது யூரோனிக் அமிலம், எவ்வளவு என்பதெல்லாம் சேர்ந்து முடிவைச் செய்கின்றன. சங்கிலியின் நீளமும் அப்படித்தான். மிக நீளமான மாலை தனக்குள்ளேயே சுருண்டு சிக்கலாகிவிடும், உள்ளே இருக்கும் குழுக்கள் வெளியே வேலைக்கு வர முடியாது. நறுக்கிச் சின்னதாக்கினால் முனைகள் கூடும், குழுக்கள் வெளிப்படும். ஆல்ஜினேட்டை லையேஸ் என்ற நொதியால் வெட்டினால், வெட்டிய முனையில் ஒரு இரட்டைப் பிணைப்பு உருவாகும். ராடிக்கல்களைத் தணிக்க அது நன்றாகவே கைகொடுக்கிறது. முழு ஆல்ஜினேட்டைவிட அதன் துண்டுகளுக்கு ஆன்டிஆக்சிடன்ட் திறன் கூடுவதற்கு இது ஒரு காரணம். ஆனால் அமிலத்தில் அதிக நேரம் கொதிக்கவைத்துத் துண்டாக்கினால் சல்பேட்டும் சேர்ந்து உதிர்ந்துவிடும்.

அதனால் பிரித்தெடுக்கும் முறையே பாதிக் கதை. பாசியை நன்னீரில் அலசி, நிழலில் காயவைத்து, மாவாக அரைப்போம். அந்த மாவை ஆல்கஹாலில் ஊறவைத்தால் நிறமும் கொழுப்பும் பெரும்பகுதி இறங்கிவிடும். வடிகட்டிய சக்கையை மிதமான சூட்டில், தண்ணீரிலோ நீர்த்த அமிலத்திலோ, கஷாயம் வைப்பது போல மணிக்கணக்கில் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். தெளிந்த சாற்றில் கால்சியம் குளோரைடு ஊற்றினால் கலந்துவந்த ஆல்ஜினேட் திரண்டு அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் தெளிவில் ஆல்கஹால் ஊற்றுங்கள், ஃபுகாய்டன் வெண்பழுப்பு நூல் நூலாகப் பிரியும். ஆல்ஜினேட்தான் வேண்டும் என்றால் சக்கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் போட வேண்டும். கடைசியாக, உப்பு மட்டும் வெளியேறக்கூடிய நுண்துளைப் பையில் கட்டி, தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு நாள் ஊறவைப்போம்.

இந்தக் கடைசி வேலையை நான் முதல்முறை அவசரமாக முடித்தேன். கிடைத்த பொடியின் எடையைப் பார்த்து மிகுந்த மகிழ்ச்சி. பிறகு அதில் கொஞ்சத்தை உலையில் எரித்துச் சாம்பலை எடைபோட்டபோது, பாதிக்குமேல் உப்பாக இருந்தது. எங்கள் பேராசிரியை கோபப்படவில்லை. “எவ்வளவு கிடைச்சுதுன்னு அப்புறம் பார்க்கலாம், என்ன கிடைச்சுதுன்னு முதல்ல பாருப்பா” என்றார். பிறகு எந்தப் பொடியை எடுத்தாலும் எரித்துப் பார்க்காமல் நான் அடுத்த வேலைக்குப் போனதில்லை.

என்ன கிடைத்தது என்று பார்க்க ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை இருக்கிறது. மொத்தச் சர்க்கரைக்கு ஃபீனாலும் கந்தக அமிலமும் ஊற்றுவோம், ஆரஞ்சு நிறம் வரும். 1956இலிருந்து உலகம் முழுக்க இதே முறைதான். சல்பேட்டுக்குப் பேரியம் குளோரைடு, எவ்வளவு கலங்குகிறதோ அவ்வளவு சல்பேட். யூரோனிக் அமிலத்துக்கு வேறொரு நிறச் சோதனை. கூடவே ஒட்டிக்கொண்டு வரும் பாலிபீனால் என்ற துவர்ப்புப் பொருளுக்கு ஃபோலின் கரைசல், நீலம் வரும். எந்தெந்த மணி எத்தனை என்று தெரிய மாலையை அமிலத்தில் முழுவதும் உடைத்து, கலவையைத் தனித்தனியாகப் பிரிக்கும் குரோமட்டோகிராபி முறையில் பிரிக்க வேண்டும். அகச்சிவப்புக் கதிரில் வைத்துப் பார்த்தால், சென்டிமீட்டருக்கு 1,220 முதல் 1,260 அலைகள் என்ற இடத்தில் சல்பேட் தன் அடையாளத்தைக் காட்டிவிடும்.

ஊதா நிறம் மங்கும் சோதனை

ஆன்டிஆக்சிடன்ட் திறனை அளக்க மிகப் பிரபலமான சோதனை டிபிபிஎச். 1958இல் பிளாய்ஸ் என்பவர் அறிமுகப்படுத்தியது. டிபிபிஎச் ஒரு நிலையான ராடிக்கல், அடர்ந்த ஊதா நிறம். யாராவது ஒரு ஹைட்ரஜன் கொடுத்தால் மஞ்சளாகிவிடும். 517 நானோமீட்டர் ஒளியில் ஊதா எவ்வளவு குறைந்தது என்று அளப்போம். நிறத்தைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு பொருள் தேவைப்பட்டது என்பதே திறனின் அளவு. எண் சின்னதாக இருந்தால் திறன் அதிகம். வைட்டமின் சிக்கு ஒரு மில்லிலிட்டரில் சில மைக்ரோகிராம் போதும். ஃபுகாய்டனுக்குப் பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கில் தேவைப்படும். ஒரு மில்லிகிராம் என்றால் ஆயிரம் மைக்ரோகிராம், வித்தியாசத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையை ஃபுகாய்டனுக்குச் செய்வதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டிபிபிஎச் ஆல்கஹாலில் கரையும் பொருள். ஃபுகாய்டனைப் பிரித்தெடுத்ததே ஆல்கஹால் ஊற்றி, கரையாமல் திரளவைத்துத்தானே! ஆக இரண்டையும் ஒன்றாகக் கலக்கும்போது மாலை சரியாகக் கரையாமல் மங்கலாக நிற்கும், அளவும் தப்பும். தண்ணீரிலேயே செய்யக்கூடிய, ஏபிடிஎஸ் என்ற இன்னொரு ராடிக்கலின் நிறம் மங்குவதை அளக்கும் சோதனையும், இரும்பைக் கட்டிப்போடும் திறனை அளக்கும் சோதனையும் இவற்றுக்கு இன்னும் பொருத்தம் என்பது என் கருத்து. ஒரு கட்டுரையில் டிபிபிஎச் மட்டும் செய்து, ‘சிறந்த ஆன்டிஆக்சிடன்ட்’ என்று முடித்திருந்தால் நான் கொஞ்சம் நிதானிப்பேன்.

நிதானிக்க இன்னொரு வலுவான காரணம், கூடவே ஒட்டிக்கொண்டு வரும் புளோரோடானின்கள். பழுப்புப் பாசிகளுக்கே உரிய பாலிபீனால்கள் இவை. டீயிலும் கடுக்காயிலும் துவர்ப்பைத் தருகிற டானின்களுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். ஹைட்ரஜனைத் தாராளமாகக் கொடுக்கும், டிபிபிஎச் நிறத்தை நொடியில் மங்கச் செய்யும். அரைகுறையாகச் சுத்தம் செய்த ஃபுகாய்டனில் இவை கொஞ்சம் மிச்சமிருந்தாலும் சோதனையில் பெரிய திறன் காட்டும், பேரை ஃபுகாய்டன் வாங்கிக்கொள்ளும். அதே பொடியை இன்னும் நன்றாகச் சுத்தம் செய்தால் திறன் இறங்கிவிடும். பாலிபீனால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து சொல்லாத முடிவுகளை இதனால்தான் பாதி முடிவாகவே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உணவு கெடாமல் காப்பதுதான் நோக்கம் என்றால் கலவையாகவே இருக்கட்டும், அது நல்லதுதான். ஆனால் எதனால் வேலை நடந்தது என்று தெரிய வேண்டுமென்றால் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் சாப்பிடலாமா?

சோதனைக் குழாயில் நிறம் மாறியது உடலில் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆல்ஜினேட்டைச் செரிக்க நமக்கு நொதி கிடையாது. ஃபுகாய்டன் மாலை மிகப் பெரியது, குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போவது கொஞ்சமே. குடல் பாக்டீரியாக்கள் லாமினரின் மாதிரியானவற்றை நொதிக்கவைத்து, நமக்கு உதவும் சிறு கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. பயன் இருந்தால் அது அந்த வழியிலும் வரலாம். டிபிபிஎச் எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆன்டிஆக்சிடன்ட் என்றாலே மாத்திரையாக எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற எண்ணத்தை 1994இல் பின்லாந்திலிருந்து வந்த ஆய்வு ஒன்று பலமாக அசைத்தது. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் செய்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. அது பாசியைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனால் ராடிக்கல்களை அடக்கினால் நல்லதே நடக்கும் என்ற கணக்கு அவ்வளவு எளிதல்ல என்பதை எல்லோருக்கும் காட்டியது.

உணவாகப் பழுப்புப் பாசி ஒன்றும் புதிதல்ல. ஒக்கினாவாவில் மொசுக்கு என்ற வழவழப்பான பாசியைப் புளிக்காடியில் போட்டுச் சாப்பிடுகிறார்கள், ஃபுகாய்டன் அதிகமுள்ள பாசி அது. கொரியாவில் பிரசவமான பெண்ணுக்குப் பழுப்புப் பாசி சூப் கொடுப்பது, நம் வீடுகளில் பத்தியச் சோறும் பூண்டுக் குழம்பும் கொடுப்பது போல நிலைத்த பழக்கம். இவர்கள் சாப்பிடுவது முழுப் பாசியை, அளவாக, மற்ற உணவோடு. செறிவூட்டிய மாத்திரை அதற்குச் சமம் ஆகாது.

எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். நீரில் உள்ள உலோகங்களைப் பிடித்துவைக்கும் அதே குணத்தால், பாசி கெட்டதையும் பிடித்துவைக்கும். ஜப்பானில் ஹிஜிகி என்று சமைக்கும் சர்காசம் வகையில் தீங்கான கனிம ஆர்சனிக் அதிகம் என்பதால், அதைச் சாப்பிட வேண்டாம் என்று 2004இல் பிரிட்டனின் உணவுத் தர முகமை அறிவுறுத்தியது. பழுப்புப் பாசிகள் பலவற்றில் அயோடினும் மிக அதிகம், தைராய்டு தொந்தரவு உள்ளவர்களுக்கு அது சிக்கல். ரத்தம் உறையாமல் தடுக்க மருத்துவமனைகளில் போடும் ஹெப்பாரினும் சல்பேட் ஒட்டிய சர்க்கரை மாலைதான். ஃபுகாய்டனுக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. ரத்தத்தை நீர்க்கவைக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஃபுகாய்டன் மாத்திரை பக்கம் போகவே கூடாது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர், கரையில் ஒதுங்கும் கட்டக்கோரையைக் காயவைத்துப் பொடித்துக் கஷாயம் போடலாமா தம்பி என்று கேட்பார்கள். வேண்டாம் அண்ணாச்சி என்பேன். அது எந்தத் தண்ணீரில் வளர்ந்தது, எத்தனை நாள் வெயிலில் கிடந்தது, உள்ளே என்ன உலோகம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. நம் கடலோரத்தில் கஞ்சி காய்ச்சிய பாசி வேறு, அதற்கே கஞ்சிப்பாசி என்று பெயர், சிவப்பு வகை. கட்டக்கோரையைப் பெரியவர்கள் தென்னைக்குத்தான் போட்டார்கள். பொட்டாசியமும் மற்றத் தாதுக்களும் மரத்துக்குக் கிடைக்கும், மணல்பாங்கான நிலத்தில் அந்த வழவழப்பு ஈரத்தையும் கொஞ்சம் பிடித்துவைக்கும்.